பொருள் தோற்றாலும் அணி தோற்கக்கூடாது

சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு செயலி செய்தோம். வெங்காயச் செய்கையாளர்களுக்குச் சந்தை விலையைக் கைத்தொலைபேசியில் காட்டுவதே நோக்கம். எட்டு மாதம் ஓர் அறைக்குள் இருந்தே வேலை செய்தோம். முடித்துக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனபோது ஓர் ஐயா சிரித்தார். “தம்பி, விலை எங்களுக்குக் காலமையே தெரியும். லொறி எப்ப வரும் எண்டதுதான் தெரியாது.”

செயலி அன்றோடு முடிந்தது. ஒருவரில் ஒருவர் குறை சொல்லி அணியும் கலைந்தது. எங்களில் ஒருவன் தாயின் சங்கிலியை அடகு வைத்தே மடிக்கணினி வாங்கியிருந்தான். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து அந்த அம்மா கொண்டுவந்த ஒரே நகை அது.

பின்னர்தான் ‘ஸ்லாக்’ உருவான கதையைப் படித்தேன். ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்டும் நண்பர்களும் ‘கிளிட்ச்’ என்ற இணைய விளையாட்டை 2011 இல் வெளியிட்டார்கள். அது ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் இயங்கியது. மக்களோ கைத்தொலைபேசிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். கையில் இன்னும் பணம் இருந்தபோதே, 2012 இறுதியில் விளையாட்டை மூடினார்கள். விளையாடியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலை இழந்தவர்களின் விபரங்களைத் தமது இணையத்தளத்திலேயே போட்டு, வேறு வேலை தேட உதவினார்கள்.

எஞ்சிய சிறு அணி கலையவில்லை. வன்கூவர், சான் பிரான்சிஸ்கோ, நியூயோர்க் என்று வெவ்வேறு நகரங்களில் இருந்த அவர்கள், தமக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவியைச் செய்து வைத்திருந்தார்கள். அதையே புதிய பொருளாக்கினார்கள். முதலில் தெரிந்த சில நிறுவனங்களிடம் கெஞ்சாத குறையாகப் பயன்படுத்தக் கொடுத்தார்கள். பெரிய அணிகள் பாவித்தபோதுதான் தாம் காணாத குறைகள் தெரிந்தன. திருத்திவிட்டு அடுத்த அணிக்குக் கொடுத்தார்கள். 2013 ஓகஸ்டில் அறிவித்தபோது முதல் நாளிலேயே 8,000 நிறுவனங்கள் பதிவு செய்தன. 2021 இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதை ஏறத்தாழ 2,770 கோடி டொலருக்கு வாங்கியது.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தொகை முக்கியமில்லை. அவர்கள் நடந்துகொண்ட முறைதான் முக்கியம். நான் இப்போது புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான்கு விடயங்களைச் சொல்வதுண்டு.

முதலாவது, ஒரு வரி நிரல் எழுதமுன்னர் பாவிக்கப்போகும் பத்துப் பேரிடம் போய் இருங்கள். “இது வேணுமா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஓம் என்பார்கள். “நேற்று எதில் கஷ்டப்பட்டீர்கள்?” என்று கேளுங்கள்.

இரண்டாவது, அரைகுறையாக இருக்கும்போதே காட்டுங்கள். எட்டு மாதத்தில் தெரிந்த பிழை எங்களுக்கு இரண்டாவது கிழமையே தெரிந்திருக்கலாம்.

மூன்றாவது, எது செய்வது, எதை விடுவது என்று இறுதியாகச் சொல்பவர் யார் என்பதை முதல் நாளே தீர்மானியுங்கள். எங்களில் நால்வரும் முடிவெடுத்தோம். ஆனால் ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை.

நான்காவது, எவ்வளவு பணம், எத்தனை மாதம் போனால் நிறுத்துவது என்று முன்னரே எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை இழந்த வீடுகளில் இருந்து வருகிறோம். அதனால் இன்னொன்றை விடுவதற்கு மனம் வராது. ஆனால் நேரத்தோடு விட்டால் நகையும் மிஞ்சும், நட்பும் மிஞ்சும்.

அந்தச் சங்கிலியை மீட்டுவிட்டோம். அந்த லொறிப் பிரச்சினையைத் தீர்க்கச் சொல்லி நண்பனுக்கு நான் இன்னும் தொலைபேசி எடுக்கவில்லை. இந்தக் கிழமை எடுப்பேன்.