நான்காவது ஸ்ரொப்பர் எங்கே? உதைபந்தாட்ட அணியில் பின்கள இருப்பின் பெறுமதி

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உதைபந்தாட்டம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது கோல் அடித்தவரின் பெயர். பின்களத்தில் நின்றவர்கள் நினைவுக்கு வருவது அணி தோற்ற பிறகுதான். அவர்களுக்கும் பின்னால், மைதான ஓரத்து வாங்கில் காத்திருக்கும் இரண்டு மூன்று பின்கள வீரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு லீக் பருவம் முடியும்போது அணி எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு.

கடையில் சரக்கு இருப்பு என்று சொல்வதைப் போல, இதைப் பின்கள இருப்பு என்று அழைக்கலாம். அது ஏன் முக்கியம், எப்படி உருவாகிறது, எங்கள் இளைஞர்கள் விளையாடும் அணிகளில் அது ஏன் குறைவாக இருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்கள இருப்பு என்றால் என்ன?

இன்று பெரும்பாலான அணிகள் நான்கு பேரைப் பின்களத்தில் நிறுத்துகின்றன. நடுவில் இருவர், இவர்களையே எங்கள் மைதானங்களில் ஸ்ரொப்பர் என்கிறார்கள். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். ஒவ்வோர் இடத்துக்கும் இருவர் என்று கணக்கிட்டால் ஓர் அணிக்கு எட்டுப் பின்கள வீரர்கள் தேவை.

எண்ணிக்கை மட்டும் இருப்பாகிவிடாது. எட்டுப் பேரின் பெயர் பதிவில் இருந்தும், அவர்களில் நான்கு பேர் ஆறு மாதமாக ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை என்றால், அந்த அணியிடம் உண்மையில் இருப்பது நான்கு பேர்தான். ஆட்டத்துக்கு இறங்கக்கூடிய உடல்தகுதி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நிற்கும் பழக்கம், பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து நகரும் புரிந்துணர்வு ஆகிய மூன்றும் உள்ளவர்களையே இருப்பில் சேர்க்கலாம்.

முன்களத்துக்கும் பின்களத்துக்கும் உள்ள வேறுபாடு

முன்கள வீரர் ஒருவர் மாற்றப்பட்டால் அணியின் வேகம் கூடலாம், குறையலாம். புதிதாக வந்தவர் சொதப்பினாலும் ஒரு வாய்ப்பு வீணாவதோடு போய்விடும். பின்களத்தில் அப்படியல்ல. அங்கே நான்கு பேரும் ஒரே கோடாக நகர வேண்டும்.

இதற்குக் காரணம் ஓப்சைட் விதி. பந்து தட்டப்படும் நேரத்தில், தாக்குபவருக்கும் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்றிருந்த விதி 1925 இல் இருவர் என்று மாற்றப்பட்டது. கோல் காப்பாளரை ஒருவராக எண்ணினால், மீதியாக இருப்பது கடைசிப் பின்கள வீரர் ஒருவர். மூன்று பேர் சரியாக மேலேறி, நான்காமவர் ஓரடி பின்தங்கி நின்றாலும் எதிரணி முன்கள வீரர் தடையின்றிக் கோலை நோக்கி ஓடலாம். புதிதாக இறங்கியவர் திறமைசாலியாக இருந்தாலும் அந்தக் கோட்டோடு பழகியிராவிட்டால் அவரிடமிருந்தே ஓட்டை ஆரம்பிக்கும்.

கொழும்பு அணிகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொட்டாஞ்சேனைப் பக்கத்து அணியொன்றில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து விளையாடுவது சாதாரணம். 'மேலே ஏறு', 'விட்டுவிடு', 'நான் எடுக்கிறேன்' என்ற மூன்று கட்டளைகளும் எல்லோருக்கும் ஒரே சொல்லில் தெரிந்திருக்க வேண்டும். எந்த மொழிச் சொல் என்பது முக்கியமல்ல. அது வாங்கில் இருப்பவருக்கும் தெரிந்திருப்பதே முக்கியம்.

இடம் எப்படி வெறுமையாகிறது?

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கழகத்தில் ஆறு பின்கள வீரர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்துவிடுகிறது. அவர் திரும்பி வர ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் ஆகும். இன்னொருவர் மஞ்சள் அட்டைகளின் எண்ணிக்கையால் அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியாது. மூன்றாமவருக்கு அன்று இரவு வேலை, முதலாளி விடவில்லை. ஆறு பேர் இருந்த அணியில் ஆட்ட நாளன்று மூவர். யாருடைய தவறும் இல்லை. ஆனாலும் நான்காவது இடத்தில் மத்தியகள வீரர் ஒருவரைத்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

உலகக் கிண்ணப் போட்டிகளில் பதில் வீரர்கள் முதன்முதலில் அனுமதிக்கப்பட்டது 1970 இல், அப்போது அணிக்கு இருவர். பின்னர் அது மூன்றாகி, 2022 இல் ஐந்தாக நிரந்தரமாக்கப்பட்டது. ஆனாலும் பெரும்பாலான பயிற்றுநர்கள் இந்த மாற்றங்களை முன்களத்துக்கும் மத்தியகளத்துக்குமே செலவிடுகிறார்கள். பின்கள வீரர் 90 நிமிடமும் நிற்பவர் என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. கொழும்பின் புழுக்கத்தில் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் விழும் கோல்களுக்குக் களைப்பும் ஒரு காரணம் என்பதை மைதானத்துக்குப் போகிறவர்கள் அறிவார்கள்.

இத்தாலியும் லிவர்பூலும்

இருப்பு உள்ள அணி எப்படி இருக்கும் என்பதற்கு 2006 உலகக் கிண்ணத்தை வென்ற இத்தாலியைப் பார்க்கலாம். உலகின் தலைசிறந்த ஸ்ரொப்பர்களில் ஒருவரான நெஸ்டா, முதற்சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் செக் குடியரசுக்கு எதிராகக் காயமடைந்தார். அவருக்குப் பதிலாக இறங்கிய மத்தராஸி அதே ஆட்டத்தில் கோல் அடித்தார். அடுத்து அவுஸ்திரேலியாவுக்கு எதிராக மத்தராஸிக்குச் சிவப்பு அட்டை. உக்ரைனுடனான காலிறுதியில் பர்சாக்லி இறங்கினார். இத்தாலி 3–0 என வென்றது. பின்னர் அணிக்குத் திரும்பிய மத்தராஸி இறுதியாட்டத்தில் பிரான்ஸுக்கு எதிரான சமநிலைக் கோலையும் அடித்தார். முழுத் தொடரிலும் இத்தாலிக்கு எதிராக விழுந்தவை இரண்டே கோல்கள்: ஒன்று தம் பக்கமே அடித்த கோல், மற்றையது ஸிடானின் பெனால்டி. எதிரணி வீரர் எவரும் ஆட்டப் போக்கில் அவர்களுக்குக் கோல் அடிக்கவில்லை. முதலாமவர் விழுந்தார், இரண்டாமவர் வெளியேற்றப்பட்டார், மூன்றாமவர் ஆயத்தமாக இருந்தார்.

மறுபக்கத்தில் 2020–21 பருவத்து லிவர்பூல். இங்கிலாந்தின் நடப்புச் சம்பியன் அது. 2020 ஒக்டோபரில் எவர்டனுடனான ஆட்டத்தில் வான் டைக்கின் முழங்கால் சிதைந்தது. நவம்பரில் கோமஸ், பின்னர் மத்திப் என்று மூன்று ஸ்ரொப்பர்களும் பருவத்தை இழந்தனர். மத்தியகள வீரர்களான பபின்யோவும் ஹென்டர்சனும் பின்னால் இறக்கப்பட்டனர். பின்களத்து ஓட்டையை அடைக்கப் போய் மத்தியகளத்திலும் ஓட்டை விழுந்தது. சொந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டங்களாகத் தோல்வி காணாத அணி, 2021 ஜனவரி முதல் அங்கேயே தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. பருவத்தின் கடைசிக் கட்டத்தில் அதிகம் அறியப்படாத பிலிப்ஸும் ரைஸ் வில்லியம்ஸும் ஸ்ரொப்பர்களாக நின்றனர். மத்தியகளத்தினர் தம் இடத்துக்குத் திரும்பினர். அணி மூன்றாம் இடத்தைப் பிடித்தது. பெயர் பெற்ற மத்தியகள வீரரைப் பின்னால் இழுப்பதைவிட, பின்களத்திலேயே வளர்ந்த சாதாரண நான்காமவர் பயனுள்ளவர் என்பதே அந்தப் பருவத்தின் பாடம்.

கொட்டாஞ்சேனையில் இருந்து பார்த்தால்

கொட்டாஞ்சேனை கொழும்பு உதைபந்தாட்டத்தின் பழைய வீடுகளில் ஒன்று. 1865 இல் தொடங்கப்பட்ட புனித பெனடிக்ற் கல்லூரி பல தலைமுறை உதைபந்தாட்ட வீரர்களை உருவாக்கியது. தேசிய லீக் பட்டம் வென்ற ரட்ணம் விளையாட்டுக் கழகம் இந்த மண்ணினுடையது. சுகததாச விளையாட்டரங்கும் அருகில்தான். வெள்ளவத்தையில் நிலைமை வேறு. மாடிக் குடியிருப்புகள் எழுந்த அளவுக்கு மைதானங்கள் இல்லை. ரயில் பாதைக்கு அப்பால் கிடைக்கும் மணலில்தான் பல பிள்ளைகள் பந்தைத் தொடுகிறார்கள்.

இங்கே பின்கள இருப்பைத் தீர்மானிப்பது பயிற்சி மட்டுமல்ல, சம்பளமும்தான். முப்படைகளினதும் பொலிஸினதும் அணிகள் தேசிய மட்டத்தில் நீண்டகாலமாக விளையாடி வருகின்றன. அவற்றின் வீரர்கள் மாதச் சம்பளம் பெறும் சேவையாளர்கள். வாங்கில் இருக்கும் ஏழாவது பின்கள வீரருக்கும் அந்தச் சம்பளம் உண்டு; பயிற்சிக்கு வர அவர் யாரிடமும் விடுமுறை கேட்கத் தேவையில்லை. பகலில் புறக்கோட்டைக் கடையில் நின்று மாலையில் பயிற்சிக்கு வரும் இளைஞர், ஆட்டத்தில் இறங்கும் உறுதியும் இல்லாமல் எத்தனை மாதம் பேருந்துக் காசு செலவழிப்பார்? படைகளின் வாசல் வழியாகப் போக எங்கள் இளைஞர்களில் பெரும்பாலானோர் விரும்புவதில்லை. அதற்கான காரணத்தை எம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

போர் எடுத்துச் சென்ற வாங்கு

1995 இல் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவை 1–0 என வென்றது. நாட்டின் உதைபந்தாட்டத்துக்கு அது பெரும் நாள். அதே ஆண்டு ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம் வெறுமையானது. பந்து விளையாடிய பிள்ளைகள் பெட்டியும் பாயும் சுமந்து செம்மணி வழியே நடந்தார்கள். யாழ். துரையப்பா விளையாட்டரங்கைப் புனரமைக்கத் தோண்டியபோது 1999 இல் மனித எச்சங்கள் கிடைத்தன. அந்த அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது 2016 ஜூனில்தான்.

கொழும்புக்கு வந்தவர்களுக்கும் நிம்மதி இருக்கவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களின் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பொலிஸ் பதிவும் சோதனைச் சாவடியும் தாண்டி மாலைப் பயிற்சிக்குப் போய் இருட்டிய பின் அறைக்குத் திரும்பும் துணிவு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

பின்கள வீரர் பிந்தி முதிர்பவர். இடம் பார்த்து நிற்கவும், எப்போது காலை நீட்டக்கூடாது என்று அறியவும் ஆண்டுகள் வேண்டும். போர் முதலில் பறித்தது அந்த ஆண்டுகளைத்தான். எஞ்சியவர்களில் பலர் கடல் கடந்தார்கள்.

கடல் கடந்தவர்களின் பக்கத்திலிருந்து இன்று தேசிய அணிக்கு ஓரளவு ஆள் வருகிறது. 2023 ஜனவரியில் பீபா விதித்த தடை அதே ஆண்டு ஓகஸ்டில் நீங்கிய பின், வெளிநாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளியினர் அணியில் அதிகம் சேர்க்கப்பட்டனர். ஜேர்மனியில் பிறந்த கமர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ரோர் கழகத்தில் நீண்டகாலம் ஆடிய ஹிங்கர்ட் ஆகிய பின்கள வீரர்கள் அவர்களில் அடங்குவர். 2024 செப்டெம்பரில் கம்போடியாவுடனான தகுதிகாண் மோதலில் கொழும்பு ஆட்டம் 0–0 என முடிந்தது. இரண்டாவது ஆட்டம் 2–2 ஆகி, பெனால்டியில் இலங்கை முன்னேறியது. ஆனால் வெளியிலிருந்து வருபவர் முதல் நான்கு இடங்களை நிரப்பலாம். ஐந்தாவது முதல் எட்டாவது வரை உள்ளூரில்தான் வளர வேண்டும்.

இருப்பை எப்படி வளர்ப்பது?

பாடசாலை அணிகளிடம் இதற்கு விடை இருக்கிறது. வயதெல்லை காரணமாக அங்கே ஒவ்வோர் ஆண்டும் மூத்தவர்கள் விலகுவார்கள். அதனால் இன்றைய 16 வயதுப் பிரிவைப் பார்த்தே 18 வயதுப் பிரிவைத் திட்டமிட வேண்டும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து இயங்கிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மகளிர் அணி தேசிய மட்டத்தில் பட்டங்கள் வென்றது. கல்லூரி இடம்பெயர்ந்தாலும், மூத்தவரின் இடத்துக்கு இளையவரை ஆயத்தப்படுத்தும் ஒழுங்கு இருந்தால் அணி நிலைக்கும் என்பதற்கு அது சாட்சி.

பணம் குறைந்த கழகங்களும் செய்யக்கூடியவை சில உண்டு.

ஒவ்வொரு பின்கள வீரரும் எத்தனை நிமிடம் ஆடினார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்று வாரம் இறங்காதவரைச் சிநேகபூர்வ ஆட்டத்திலாவது இறக்குங்கள்.

பயிற்சியில் எப்போதும் அதே நால்வரை ஒன்றாக நிறுத்தாதீர்கள். முதல் ஸ்ரொப்பருக்குப் பக்கத்தில் நான்காமவரை நிறுத்துங்கள். பக்கப் பின்கள வீரர் ஒருவருக்கு நடுவிலும் நிற்கப் பழக்குங்கள்.

ஆட்டம் கையில் இருக்கும்போது, கடைசி இருபது நிமிடத்துக்குப் பின்கள வீரர் ஒருவரை மாற்றுங்கள். தோற்கும் நாளில் முதன்முறையாக இறக்கப்படுபவர் பயத்தோடுதான் இறங்குவார்.

வேலைக்குப் போகும் வீரரின் வேலை நேரத்தை ஆட்ட அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் இருந்தோ கடல் கடந்தோ கழகத்துக்கு உதவ நினைப்பவர்கள், கிண்ணத்துக்கும் சீருடைக்கும் கொடுப்பதில் ஒரு பங்கை வாங்கில் இருப்பவரின் பேருந்துக் காசுக்கும் காயப்பட்டவரின் மருத்துவச் செலவுக்கும் ஒதுக்கலாம்.

ஒருவர் விழுந்தால் அந்த இடத்தில் நிற்க இன்னொருவர் வேண்டும் என்பது எங்கள் சமூகத்துக்குப் புதிய செய்தியல்ல. மைதானத்தில் அந்த இன்னொருவர் தற்செயலாக வருவதில்லை. அவர் இன்று ஏதோ ஒரு பயிற்சியில் பின்வரிசையில் நிற்கிறார். அடுத்த ஞாயிறு மைதானத்துக்குப் போகும்போது, வாங்கில் இருக்கும் அவருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.