உயிரியல் இதயமுடுக்கி

உயிரியல் இதயமுடுக்கி என்பது, இயல்பான துடிப்பொழுங்கை இழந்த இதயத்தில், மின்கருவியின் துணையின்றி உயிரணுக்களைக் கொண்டே துடிப்பை எழுப்ப முயலும் சிகிச்சை முறையாகும். ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகியோர் 1907இல் விவரித்த சைனஸ் முடிச்சு, வலது மேலறைச் சுவரில் அமைந்து, புறத்தூண்டல் ஏதுமின்றித் தானே மின்துடிப்பை எழுப்பி இதயம் முழுவதையும் இயக்குகிறது. அது பழுதுபட்டால், 1958இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக மனித உடலுக்குள் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கரின் வழிவந்த கருவிகளே இன்றும் கைகொடுக்கின்றன. ஆயினும் அவற்றின் மின்கலம் தீர்ந்துபோகும், கிருமித்தொற்று ஏற்பட்டால் கருவியையே அகற்றவும் நேரும்.

இக்குறைகளுக்கு மாற்றுத் தேடிய ஆய்வின் ஒரு வேர், இதய மருத்துவத்தோடு தொடர்பே இல்லாத ஒரு துறையில், சிங்கப்பூரில் ஊன்றியிருக்கிறது. லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், தேக்காவுக்கு அருகே அந்நாளில் இயங்கிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினத்தின் குழுவினர் 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறப்பித்தனர். கருவை உடலுக்கு வெளியே வளர்க்கும் அக்கலை மேலும் செம்மைப்பட்டதன் பயனாக, இலங்கையில் பிறந்த அரிஃப் பொங்சோ, இரத்தினம் உள்ளிட்டோருடன் இணைந்து, ஐந்துநாள் கருவின் உள்ளணுத் திரளைப் பிரித்து வளர்த்ததை 1994இல் அறிவித்தார். உடலின் எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல குருத்தணுக்களின் பிறப்பிடம் அத்திரளே. அவ்வணுக்கள் அன்று நெடுநாள் நிலைக்கவில்லை. 1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் நிலைத்த குருத்தணு வரிசைகளை உருவாக்க, அடுத்த சில ஆண்டுகளில் சிங்கப்பூரின் இ.எஸ். செல் இன்டர்நேஷனல் நிறுவனமும் தன் வரிசைகளை உலக ஆய்வகங்களுக்கு வழங்கியது. குழந்தைப்பேற்றுக்காகத் தொடங்கிய உழைப்பு இதயம்வரை சென்றடைந்தது இவ்வாறுதான். சிங்கப்பூர் நிறுவனத்தின் வரிசைகளுள் எச்இஎஸ்-3 என்பது ஆஸ்திரேலியாவில் மரபணு அடையாளம் இடப்பெற்று டொராண்டோவை அடைந்தது. அங்கு ஸ்டெஃபனி புரோட்சே, கோர்டன் கெல்லர் ஆகியோர் அதிலிருந்து சைனஸ் முடிச்சின் உயிரணுக்களை ஒத்தவற்றை வளர்த்தெடுத்து, அவை எலியின் இதயத்தைத் துடிக்கச்செய்வதை 2017இல் நிறுவினர்.

மற்றொரு வழி மரபணு மாற்றம். சாதாரண இதயத்தசை அணுக்களை 2002இல் கினிப்பன்றிகளில் துடிப்பெழுப்பும் அணுக்களாக்கிய எட்வர்டோ மர்பானின் குழு, 2014இல் டிபிஎக்ஸ்18 என்னும் மரபணுவைப் பன்றிகளின் இதயத்தில் செலுத்தி இரு வாரங்கள்வரை பலனைக் கண்டது.

எனினும் முதிராத அணுக்கள் தாமே துடிப்புக் கோளாற்றைத் தூண்டக்கூடும் என்பதாலும், பிறர் அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றல் தாக்கும் என்பதாலும், இவை இன்னும் நோயாளிகளுக்கான வழக்கமான சிகிச்சையாகவில்லை. தொற்றினால் பேஸ்மேக்கர் அகற்றப்பட்டு, புதியது பொருத்தப்படும்வரை காத்திருப்போருக்கே மரபணு வழி முதலில் பயன்படக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.