ரேபீஸ் வைரஸ் மாற்றமடைந்தாலும் தடுப்பூசி பலனளிப்பது ஏன்?

வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபீஸ் வைரசின் மரபுப்பொருள், சுமார் 12,000 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஆர்.என்.ஏ. ஆகும். அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் திறன் இல்லை. ஆகவே வைரஸ் பெருகும்போது மாற்றங்கள் தோன்றுகின்றன. எனினும், நரம்புச் செல்லுக்குள் நுழைய உதவும் மேற்புறப் புரதம் பெரிதும் மாறினால் வைரஸ் பிழைப்பது அரிது. அத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. எனவே, நாய்களிடம் பரவும் வைரசுக்கு எதிராகத் தற்போதைய தடுப்பூசி பலனளிக்கிறது.

கொமரலிங்கம் பகுதியில் வசிப்போர், நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோலினுள் செலுத்தும் தடுப்பூசியை 0, 3, 7, 28ஆம் நாள்களில் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி போடும் நாளே 0. இரத்தம் கசிந்த காயத்திற்கு இம்யூனோகுளோபுலினும் தேவை. அறிகுறிகள் தோன்றிய பின் உயிர்காப்பது ஏறக்குறைய இயலாது.