கொழுப்பும் புற்றும்: ஓர் ஐயத்தின் வரலாறு

அறிவியல் வரலாற்றில் விடை கண்ட கதைகள் பல உண்டு. வினாவையே திருத்திக்கொண்ட கதைகள் சிலவே. மாணவ நண்பர்களே, அத்தகைய கதை ஒன்றை இன்று காண்போம். கொலஸ்டிரால் என்னும் பொருளுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவைப் பற்றியது அது.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பித்தப்பைக் கற்களில் மெழுகு போன்ற வெண்பொருள் ஒன்றைக் கண்டனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ரல் என்பார் அதற்குப் பெயர் சூட்டினார். பித்தம், திண்மை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டே அப்பெயர். பெயர் பித்தத்தைச் சுட்டினும், அப்பொருள் நம் உயிரணுக்களின் உறைகளிலெல்லாம் உள்ளது. எண்ணெய் நீரில் கரையாததுபோல அது குருதியில் கரையாது. ஆதலின் புரதத்தோடு கூடி நுண்துகள்களாகச் செல்கின்றது. இத்துகள்களே லிப்போபுரோட்டீன்கள். சரக்கு ஏற்றிய படகுகள் என இவற்றைக் கருதலாம். அப்படகுகளை உயிரணு தன் வாயிலில் ஏற்கும் முறையை விளக்கிய பிரௌன், கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

உயிரணு பிளந்து பெருகப் புதிய உறை வேண்டும். உறைக்குக் கொலஸ்டிரால் வேண்டும். புற்றணுக்களோ ஓயாது பெருகுவன. ஆகவே இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தல் இயல்பே. 1930களில் ஐயம் வலுத்தது. பித்த அமிலம் ஒன்றிலிருந்து மீத்தைல்கொலாந்திரீன் என்னும் கொடிய புற்றூக்கிப் பொருளை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். பித்த அமிலமோ உடலில் கொலஸ்டிராலிலிருந்து பிறப்பது. எனினும், கூடத்தில் நிகழ்ந்த மாற்றம் உடலிலும் நிகழ்கிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

1974இல் கதை திசை மாறியது. ஜெஃப்ரி ரோசும் அவருடைய துணைவரும், பெருங்குடற் புற்றுநோய்க்கு ஆளானோரின் குருதியில் கொலஸ்டிரால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டனர். நோய் வெளிப்படுமுன் எடுத்த அளவே அது. இதயநோயைத் தடுக்கக் கொலஸ்டிராலைக் குறைக்குமாறு மருத்துவர் கூறிவந்த காலம் அது. இதயத்தைக் காக்கப்போய்ப் புற்றுநோயை வரவழைக்கின்றோமோ? பல்லாயிரவர் உயிரைப் பற்றிய கேள்வி இது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கையே வீழ்த்தியது என்று சொல்லிவிடலாகாது. தீயிலிருந்து புகை எழுமேயன்றிப் புகையிலிருந்து தீ எழாது. மறைந்து வளரும் புற்றே கொலஸ்டிராலைக் குறைத்திருக்கலாம் அன்றோ? எது காரணம், எது காரியம் என்று தெளிவது எவ்வாறு?

1986இல் நெதர்லாந்து நாட்டு அறிஞர் கட்டான் ஓர் அரிய வழியைக் காட்டினார். லிப்போபுரோட்டீனில் உள்ள ஒரு புரதத்தின் பரம்பரை வேறுபாட்டால் சிலருக்குப் பிறவியிலேயே கொலஸ்டிரால் குறைவு. பின்னாளில் வரும் நோய் பிறவி அமைப்பை மாற்ற இயலாது. எனவே, குறைந்த கொலஸ்டிராலே நோய்க்குக் காரணமாயின், இவ்வமைப்புடையோர் புற்றுநோயாளரிடையே மிகுதியாக இருத்தல் வேண்டும். இதுவே அவர் வகுத்த சோதனை.

அவ்வழியே சென்று, 2011இல் டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர், பிறவியிலேயே கொலஸ்டிரால் குறைந்தோர்க்குப் புற்றுநோய் மிகவில்லை என்று கண்டனர். கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளைப் பற்றிய 27 சோதனைகளை, ஏறத்தாழ 1,75,000 பேரை உள்ளடக்கியவற்றை, 2012இல் ஒருங்கே ஆராய்ந்தனர். அம்மருந்துகளால் புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அச்சம் நீங்கியது; ஆராய்ச்சி நிற்கவில்லை. கொலஸ்டிராலிலிருந்து உடலில் உண்டாகும் ஒரு பொருள், எலிகளில் மார்புப் புற்றை வளர்க்கின்றது என 2013இல் அமெரிக்க அறிஞர் வெளியிட்டனர். எலியில் கண்டது மனிதனுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனி வினா.

இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வரக் கண்டால், ஒன்றை மற்றொன்றின் காரணமென உடனே முடிவு கட்டாதீர்கள். முன்னது எது, பின்னது எது என்று கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், அதனைச் சோதித்தறியும் வழியையும் தேடுங்கள்.