இரண்டு அதிர்வெண்கள்

முதலில் இருந்தது ஒரு சிவப்புக் கயிறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவேரிய மலையேறிகள் அதை இடுப்பில் கட்டி, பின்னால் இழுபட விட்டபடி நடந்தார்கள். பனிச்சரிவு ஆளைப் புதைத்தாலும் கயிறு மேலே மிதக்கும் என்பது நம்பிக்கை. பல நேரம் கயிறும் சேர்ந்தே புதைந்தது.

1968இல் அமெரிக்காவின் பஃபலோவில், கார்னெல் விமானவியல் ஆய்வுக்கூடத்தில் ஜான் லாட்டன் குழு ஸ்காடி என்ற கருவியைச் செய்தது. 2.275 கிலோஹெர்ட்ஸ். நம்ம காதுக்கே எட்டுகிற அதிர்வெண்தான், அதனால் சுற்று எளிமையானது. நடக்கும்போது எல்லாருடைய கருவியும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைப் பெறும் நிலைக்கு மாற்றித் தேடுவார்கள்.

சுவிட்சர்லாந்தின் பாரிவாக்ஸ் 457 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது. (பெயர் பாரி என்ற மீட்பு நாயிடமிருந்து வந்தது. பெர்ன் அருங்காட்சியகத்தில் அதைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.) 457இல் இன்னும் தொலைவிலிருந்தே சமிக்ஞை பிடிக்கலாம்.

இரண்டுமே நன்றாக வேலை செய்தன. சிக்கலே அங்கேதான். ஒரே மலையில் இரண்டு குழுக்கள், இரண்டு அதிர்வெண்கள். பக்கத்தில் புதைந்தவரின் கருவி கத்திக்கொண்டிருக்கும், தேடுபவரின் காதில் ஒன்றும் கேட்காது. இரண்டிலும் இயங்கும் கருவிகள் வந்தன, எனக்கு அவை ஒட்டுப்போட்ட சமரசமாகத்தான் படுகின்றன. மலை மீட்புக் குழுக்களின் சர்வதேச அமைப்பான இகார் 457ஐ ஏற்றது 1986இல். அமெரிக்கத் தர அமைப்பு ஏஎஸ்டிஎம் ஏற்றது 1996இல். சாக்கெட் வடிவத்துக்கே நாடுகள் ஒத்துப்போகாத உலகத்தில் இது சீக்கிரம்தான் என்று சொல்லலாம். ஆனால் இங்கே காத்திருந்தது சாக்கெட் இல்லை. 1994இல் நேச்சர் இதழில் வந்த சுவிஸ் தரவு: 15 நிமிடத்தில் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு 92 விழுக்காடு, 35 நிமிடத்தில் 30.

மின்னணுவியல் படித்த எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. 457 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 656 மீட்டர். தேடலோ சில பத்து மீட்டருக்குள் நடக்கிறது. ஆக, தேடுபவர் பின்தொடர்வது பரவும் அலையை அல்ல, காந்தப்புலக் கோட்டை. அது வளைந்துதான் போகும். பதற்றத்தில் நேராக ஓட நினைக்கிறவரைக் கருவி சுற்றி அழைத்துப் போகிறது, அவரும் நம்பிப் போக வேண்டியிருக்கிறது.

ஹெலிகாப்டர் வருவதற்குள் பெரும்பாலும் அந்த 15 நிமிடம் தீர்ந்துவிடும். தோண்ட வேண்டியது கூட வந்தவர்தான். அதனால் இன்றும் கிளம்பும் முன் ஒருவர் பின் ஒருவராக நடந்துபோய், எல்லாருடைய கருவியும் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.