குரோமாட்டின்

உயிரணுவின் உட்கருவுக்குள் டி.என்.ஏ.வும் அதைச் சுருட்டி வைக்கும் புரதங்களும் சேர்ந்த தொகுதியே குரோமாட்டின். மனித உயிரணு ஒன்றின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான்.

1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃபிரீட்ரிக் மீஷர், சீழ் படிந்த கட்டுத்துணிகளிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்தார். அவற்றின் உட்கருவில் கிடைத்த, பாஸ்பரஸ் மிகுந்த பொருளுக்கு நியூக்ளின் என்று பெயரிட்டார்; டி.என்.ஏ. அதில்தான் இருந்தது. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் வால்தர் ஃபிளெமிங், சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் உட்கருப் பொருளைக் கிரேக்கத்தில் நிறத்தைக் குறிக்கும் சொல்லால் குரோமாட்டின் என்றழைத்தார். பொருளின் வேலை தெரியாத காலத்துப் பெயர் அது. இன்றும் அதுவே நிலைத்திருக்கிறது. 1884இல் ஆல்பிரெக்ட் கோசல் பறவைச் சிவப்பணுக்களிலிருந்து, டி.என்.ஏ.வைச் சுருட்டி வைக்கும் புரதமான ஹிஸ்டோனைப் பிரித்தார். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, பறவைகளுடையதில் உண்டு என்பது அவருக்கு உதவியது.

நேர்மின்னூட்டம் கொண்ட ஹிஸ்டோன், எதிர்மின்னூட்டம் கொண்ட டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் எப்படி ஒட்டுகிறது என்பது விளங்க ஏறக்குறைய 90 ஆண்டுகள் பிடித்தன. 1973இல் ஹெவிஷும் பர்கோயினும் எலிக் கல்லீரல் உட்கருவிலுள்ள நொதி டி.என்.ஏ.வைச் சீரான இடைவெளிகளில் வெட்டுவதைக் கண்டனர். ஹிஸ்டோன் டி.என்.ஏ. மீது கண்டபடி பூசிய பூச்சாக இருந்தால் வெட்டு அப்படி விழாது. அதே காலத்தில் ஏடா ஒலின்ஸ், டொனால்டு ஒலின்ஸ் இணையர் எடுத்த மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் நூலில் கோத்த மணிகள் தெரிந்தன. 1974இல் ரோஜர் கார்ன்பெர்க் கணக்கை முடித்தார்: நான்கு வகை ஹிஸ்டோன்களில் வகைக்கு இரண்டாக எட்டு, அவற்றோடு சுமார் 200 கார இணைகள் நீள டி.என்.ஏ. மறு ஆண்டே இந்த அலகு நியூக்ளியோசோம் என்ற பெயர் பெற்றது. 1997இல் சூரிச்சில் கரோலின் லூகர், திமோத்தி ரிச்மண்ட் குழு வெளியிட்ட படிக அமைப்பில், டி.என்.ஏ. அந்த எட்டையும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் சுற்று சுற்றியிருந்தது.

ஹிஸ்டோன் வெறும் உறையல்ல என்ற எண்ணத்தை வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964இலேயே முன்வைத்திருந்தார். ஹிஸ்டோனில் அசிட்டைல் தொகுதி சேர்வது மரபணுச் செயல்பாட்டோடு தொடர்புடையது என்றார் அவர். 1996இல் டேவிட் அலிஸ் குழு, டெட்ராஹைமீனா என்ற ஒற்றை உயிரணு உயிரியில் அந்தச் சேர்க்கையைச் செய்யும் நொதி, மரபணுக்களை இயக்கும் ஈஸ்ட் புரதம் ஒன்றை ஒத்திருப்பதைக் காட்டியது.

மணிமாலை அடுத்து எப்படி மடிகிறது என்பதில்தான் பாடநூல்கள் அவசரப்பட்டன. 1976இல் ஃபிஞ்ச்சும் குளுகும் முன்மொழிந்த 30 நானோமீட்டர் சுருள் பல ஆண்டுகள் முடிவான உண்மையாகவே அச்சானது. பிரித்தெடுத்த குரோமாட்டினில் அது தெரிந்தது உண்மை. ஆனால் 2017இல் மனித உயிரணுக்களின் உட்கருவை உள்ளபடியே படமெடுத்தபோது, 5 முதல் 24 நானோமீட்டர் தடிமனுள்ள ஒழுங்கற்ற சங்கிலிகளே காணப்பட்டன. உயிரணு பிரியும்போது குரோமாட்டின் திரண்டு உருவாகும் குரோமோசோமிலும் அதே சங்கிலிதான். நெருக்கம் மட்டுமே கூடியிருந்தது.