ஸ்குட்டாரியின் சாக்கடையும் நைட்டிங்கேல் போட்ட கணக்கும்

போன வருஷம் அண்ணன் மகளின் நர்சிங் கல்லூரியில் விளக்கேற்றும் விழாவுக்குப் போயிருந்தேன். முதல் வருட மாணவிகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு விளக்கோடு உறுதிமொழி எடுத்தார்கள். மேடை பேனரில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கையில் நீளமான மூக்கு வைத்த, அலாவுதீன் கதையில் வருமே, அந்த மாதிரி ஒரு விளக்கு.

அந்த விளக்கு தப்பு. ஸ்குட்டாரி ஆஸ்பத்திரியில் அவர் தூக்கிக்கொண்டு நடந்தது ஃபானூஸ் என்கிற துருக்கி லாந்தர். மடிப்பு மடிப்பான கூட்டுக்குள் மெழுகுவர்த்தி எரியும். ஓவியர்களுக்கு அது அவ்வளவு அழகாகத் தெரியவில்லை போல.

விளக்கை மாற்றி வரைந்தது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அந்த விளக்கோடு சேர்த்து நாம் சொல்லிக்கொண்டிருக்கும் கதையிலும் ஒரு ஓட்டை இருக்கு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பள்ளிக்கூடத்தில் படித்த கதை ஞாபகம் இருக்கும். கைவிளக்கேந்திய காரிகை போர்முனைக்குப் போனார், ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துக் காயம்பட்ட வீரர்களைக் காப்பாற்றினார், சாவு குறைந்தது. இதில் முதல் பாதி உண்மை. 1820 மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். (அக்கா பிறந்தது நேப்பிள்ஸில், அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தெனோப்பியை அவருக்கு வைத்துவிட்டார்கள். ஊர்ப்பெயர் வைக்கிற பழக்கம் நமக்கு மட்டும் இல்லை.) வசதியான குடும்பம். பெண்களுக்கு அப்பாவே கிரேக்கம், லத்தீன் சொல்லிக்கொடுத்தார். இவருக்குக் கணக்கு மேல் தனிப் பிரியம். நர்ஸ் வேலை என்றால் வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள்; அன்றைக்கு அது மரியாதையான வேலை இல்லை. பல வருடம் மல்லுக்கட்டி, 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் கொஞ்ச காலம் பயிற்சி எடுத்தார். 1853-இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் பொறுப்பு கிடைத்தது.

அடுத்த வருஷம் கிரிமியா போர். அடிபட்ட பிரிட்டிஷ் வீரர்கள் கவனிப்பார் இல்லாமல் சாவதாக 'டைம்ஸ்' பத்திரிகை எழுத, நாடே கொந்தளித்தது. போர் அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் இவருக்கு நண்பர். 38 நர்ஸ்களோடு 1854 நவம்பரில் ஸ்குட்டாரி போய்ச் சேர்ந்தார். இன்றைய இஸ்தான்புல்லின் ஆசியக் கரை அது. அதாவது போர்முனையே இல்லை. வீரர்களைக் கருங்கடலைத் தாண்டிக் கப்பலில் கொண்டுவந்து போட்ட இடம்.

ஆஸ்பத்திரி என்றதும் ஆஸ்பத்திரியைக் கற்பனை செய்யாதீங்க. துருக்கி ராணுவத்தின் பிரம்மாண்டமான படைவீடு அது. ஹால், நடைவழி எல்லாம் படுக்கை. வந்த பெண்களை டாக்டர்கள் முதலில் நோயாளிகள் பக்கமே விடவில்லை. நைட்டிங்கேல் பொறுமையாக இருந்து, சமையலைச் சீர்செய்து, துணி துவைக்க ஏற்பாடு செய்து, பொருள்களை வாங்கிக் குவித்து, இறந்தவர்களின் வீட்டுக்குக் கடிதம் எழுதி எல்லாம் செய்தார்.

ஆனால் சாவு குறையவில்லை. கூடியது. அந்த முதல் குளிர்காலத்தில் மட்டும் அங்கே ஏறக்குறைய 4000 வீரர்கள் இறந்தார்கள். 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்த நூறு பேரில் சுமார் 42 பேர் சாவு. பெரும்பாலானவர்களைக் கொன்றது குண்டுக் காயம் இல்லை. காலரா, டைபஸ், வயிற்றுக்கடுப்பு.

காரணம் காலடியில் இருந்தது. கட்டடத்துக்கு அடியில் அடைத்துக்கொண்ட சாக்கடைகள். அதன் நாற்றமும் கசிவும் மேலே வார்டுக்கு வந்துகொண்டே இருந்தன. குடிநீர் வரும் வழியில் ஒரு செத்த குதிரை கிடந்ததாம். மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது: டாக்டர் சதர்லாந்து, பொறியாளர் ராலின்சன் முதலியோர். சாக்கடையைக் கழுவிவிட்டு, குப்பையை அள்ளி, காற்று வர வழி செய்து, நெரிசலைக் குறைத்தார்கள். ஜூன் மாதம் நூற்றுக்கு 2 பேர்தான் சாவு.

இந்த ஒரு விஷயத்தை நம் பாடப்புத்தகம் சொல்லவே இல்லை. சாவைக் கீழே இறக்கியதில் பெரிய பங்கு சாக்கடைக் குழுவுக்கு. பெயர் வாங்கியது விளக்கு.

அந்தச் சமயத்தில் நைட்டிங்கேலே இதை முழுசாக உணரவில்லை. வீரர்கள் பட்டினியிலும் குளிரிலும் நொந்து, கடைசிக் கட்டத்தில் வந்து சேருகிறார்கள், அதனால் சாகிறார்கள் என்றுதான் நினைத்தார். கட்டடம் அவர் பொறுப்பும் இல்லை. நர்ஸ்களுக்கு மட்டும்தான் அவர் தலைமை. 1856 ஆகஸ்டில் 'மிஸ் ஸ்மித்' என்ற பொய்ப் பெயரில், வரவேற்பு எதுவும் வேண்டாம் என்று சத்தமில்லாமல் ஊர் திரும்பினார்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கூட இருந்தவர் வில்லியம் ஃபார், பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களில் அந்தக் காலத்துப் பெரிய தலை. எண்களை அடுக்கிப் பார்த்தபோது, போர்முனைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிகளைவிட ஸ்குட்டாரியில் சாவு அதிகம் என்று தெரிந்தது. 1857-இல் உடம்பு சுத்தமாகக் கெட்டு விழுந்தார். இந்த உண்மையின் அதிர்ச்சிதான் காரணம் என்கிறார் ஹியூ ஸ்மால் என்ற ஆய்வாளர். வேறு சிலர் ஒத்துக்கொள்வதில்லை. கிரிமியாவில் தொற்றிய புருசெல்லா காய்ச்சலின் நீண்ட விளைவு என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கு. துக்கத்தில் ஒருவர் வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடக்கலாம். ஆனால் படுத்துக்கொண்டே இத்தனை வேலை செய்ய முடியுமா?

ஏனென்றால் அவர் அடுத்து செய்தது அதுதான். தன் புகழுக்கு ஆதாரமான ஆஸ்பத்திரி எவ்வளவு மோசம் என்று தானே எழுதினார். 800 பக்கத்துக்கு மேல் ஒரு அறிக்கை, 1858-இல் தன் செலவில் அச்சிட்டு, முடிவெடுக்கிற இடத்தில் இருந்தவர்களுக்கு அனுப்பினார். மந்திரிமார் எண் பட்டியலைப் படிக்கமாட்டார்கள் என்று தெரியும். அதனால் படம். ஒரு வட்டம், மாதத்துக்கு ஒரு துண்டு, துண்டின் பரப்பு சாவின் அளவு. தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு. 1855 ஜனவரித் துண்டில் நீலம் பூதாகாரமாக வெளியே பிதுங்கி நிற்கும், சிவப்பு நடுவில் கொஞ்சூண்டு. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும்.

அதோடு விடவில்லை. சண்டையே இல்லாத இங்கிலாந்துப் படைவீடுகளிலும் இளம் வீரர்கள் ஊர்க்காரர்களைவிட அதிகமாகச் சாகிறார்கள் என்று காட்டினார். வருஷத்துக்கு 1100 பேரை சாலிஸ்பரி மைதானத்தில் நிறுத்திச் சுடுவதற்குச் சமம் என்று எழுதினார். அரசாங்கத்துக்கு எப்படி இருந்திருக்கும்! புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

1860-இல் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சிங் பள்ளி, 'நோட்ஸ் ஆன் நர்சிங்' புத்தகம் எல்லாம் தெரிந்த கதை. நமக்குப் பக்கத்தில் வருகிற கதை வேறு. இந்தியாவுக்கு வராமலே, இங்கிருந்த ராணுவ நிலையங்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி வைத்தார். தண்ணீர் எங்கிருந்து வருது, கழிவு எங்கே போகுது என்று. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று 1863 அறிக்கை சொன்னது. அவருடைய கவனம் மெல்ல மெல்ல வீரர்களிடமிருந்து ஊர் மக்கள் பக்கம் திரும்பியது. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் அவருக்குத் துருக்கியிலேயே பழக்கம். சுகாதாரம், பாசனம் என்று அவருக்கும் கடிதங்கள் போயின. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் பக்கம் நின்று, ரயிலைவிடத் தண்ணீர்தான் முக்கியம் என்று வாதாடினார். அங்கேயும் செத்தவர்களின் எண்ணிக்கையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

விழா முடிந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். போனில் அந்த நீல வட்டப் படத்தை எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது அவங்களே வரைஞ்சதா சித்தப்பா? எங்களுக்கும் மூணாவது வருஷம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்காம். சீனியர்ஸ் எல்லாம் அதுதான் கஷ்டம்னு சொல்றாங்க."